மதகடி ஜொயின்ட்

நானா,

இன்று காலை தண்ணீர்த் தாங்கியின் மூடியைத் தூக்கியதும் குளோரின் மணம் முகத்தில் அடித்தது. மழை விட்ட காலையில் அது கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போகிறவர்களைப் பார்த்து நீங்கள் சிரிப்பீர்களே, அந்தச் சிரிப்பும் கூடவே வந்தது. நான் பொத்தவில்லை. நன்றாக இழுத்து ஒரு மூச்சு விட்டேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அம்மன் திருவிழா இன்றைக்குத் தொடங்குகிறது. லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வந்த பிள்ளைகள், சம்பந்திகள், பேரன் பேத்திகள். வாசலுக்கு வாசல் சின்னதுகள் குழாயில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருக்கின்றன. தாங்கிக்கு மேலே நீங்கள் கட்டித் தொங்கவிட்ட நீலக் கேனிலிருந்து மருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கிறது. எனக்கு நிம்மதியாக இருக்கிறது. இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. நீங்கள் இல்லை என்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நீங்கள் முதன்முதலாக எங்கள் மலைக்கு வந்தது ஒரு சின்ன லொறியில், குழாய்களோடு குழாயாக உட்கார்ந்துகொண்டு. நாவலப்பிட்டியிலிருந்து ஏறும் பாதையின் குண்டு குழிகளை எல்லாம் எண்ணிக்கொண்டு வந்தவர்போல் இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அப்போது எங்களுக்குத் தண்ணீர் என்றால் மேட்டிலுள்ள ஓடையிலிருந்து இறப்பர் குழாயில் வருவதுதான். வெயில் காலத்தில் நூலாக வரும், மழைக் காலத்தில் தேத்தண்ணி நிறத்தில் வரும். மேட்டு லயத்தில் துணி துவைத்தால் எங்கள் குடத்தில் நுரை நிற்கும். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நாங்கள் ஒரு சங்கம் சேர்த்து, மனுக் கொடுத்து, கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, கடைசியில் ஊற்றுக்கண்ணைக் கட்டி, தாங்கி எழுப்பி, குழாய் இழுக்க ஆள் வந்திருக்கிறார் என்றால், அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"என்னாங்க, வேல செய்ய வந்தீங்களா, வைத்தியம் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டேன்.

"தங்கச்சி, எங்கட அக்குறணையில மழ பேஞ்சா கடைக்குள்ள தண்ணி. ஒங்களுக்கு மழ பேஞ்சாலும் குடிக்கத் தண்ணி இல்ல. ரெண்டையும் ஒரு பைப் போட்டு சேத்துட்டா சரி. அதுக்குத்தான் வந்தது" என்றீர்கள்.

அன்றிலிருந்து நமக்குள் வாய்ச்சண்டைக்குக் குறைவே இல்லை. உங்களைவிட நான் இரண்டு வயதுதான் இளையவள்; உங்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி 'நானா' என்றே கூப்பிட்டேன். நீங்கள் 'இருக்கு' என்பதை 'ஈக்குது' என்பீர்கள், 'சொன்னது' என்பதை 'சென்னது' என்பீர்கள், நாங்கள் பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். நீங்கள் எங்கள் 'என்னாங்க'வைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவீர்கள். தாங்கியைப் பார்த்துக்கொள்ளும் வேலையைச் சங்கம் என்னிடம் கொடுத்தபோது, "இந்த மனுஷியா? தண்ணி பயந்து கீழ வராதே" என்று தலைவரிடம் சொன்னதும் நீங்கள்தான்.

வேலையில் மட்டும் உங்களிடம் விளையாட்டு இல்லை. இரண்டு குழாய்களைத் துடைத்து, பசை பூசி, பிஸ்மில்லாஹ் சொல்லிச் சேர்ப்பீர்கள். சேர்த்த இடத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் குர்ஆனிலிருந்து ஒரு சின்ன ஸூரா ஓதுவீர்கள். அது முடியும்வரை யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டீர்கள். ஒருநாள் நான் வேண்டுமென்றே தேத்தண்ணியை நீட்டிக்கொண்டு நின்றேன். ஓதி முடித்து, கையை மெல்ல எடுத்து, பிறகுதான் கோப்பையைப் பார்த்தீர்கள்.

"ஓதிப் பிடிச்ச ஜொயின்ட் ஒழுகாது. பச காய மணி பாக்கத் தேவல்ல, இதுதான் என்ட மணிக்கூடு" என்றீர்கள்.

எல்லா ஜொயின்ட்டும் அப்படித்தான், ஒன்றைத் தவிர. ரோட்டுக்குக் குறுக்கே போகும் மதகுக்கு, அந்தச் சின்னப் பாலத்துக்கு, அடியில் போட்ட ஜொயின்ட். அது நோன்பு மாதம். நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் இல்லாமல் மதகுக்குள் குனிந்து நின்றீர்கள். பக்கத்திலேயே லயத்துக் கழிவுநீர் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் கடைசி ஜொயின்ட், அதைச் சேர்த்தால் தண்ணீர் வந்துவிடும். நீங்கள் பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டிருக்கும்போது உங்கள் போனில் நோன்பு திறக்கும் பாங்கு சொல்லிவிட்டது. ஓதியதைப் பாதியில் விட்டு, கையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தீர்கள். கொஞ்சம் பொறுத்து நான் மேலே வால்வைத் திறந்தேன், கீழ் லயத்தில் செல்வி வீட்டு வாசல் குழாயில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. அந்த முதல் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தித்தான் அன்றைக்கு நீங்கள் நோன்பு திறந்தீர்கள். லயமே கை தட்டியது. செல்வி இடுப்பில் அவள் மகள் யாழினி, பிறந்து சில மாதக் குழந்தை. அதன் காலில் தண்ணீரைத் தெளித்து விளையாட்டுக் காட்டினீர்கள்.

நல்ல தண்ணீர்தான். ஆனால் அதற்கு ஒரு குறை இருந்தது, அது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் குறை. தேயிலையை நட்டு, வளர்த்து, பறித்து வாழ்கிறவர்கள் நாங்கள். எங்களிடம் பெருமைப்பட்டுக்கொள்ள வேறு என்ன இருக்கிறது? வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு நல்ல தேத்தண்ணி கொடுப்பதுதான். திருவிழாவுக்கு வரும் சம்பந்தி எந்த வீட்டில் குடித்த தேத்தண்ணியைப் பற்றிப் பேசுகிறார் என்பது எங்களுக்குப் பெரிய விஷயம். குளோரின் விழுந்த தண்ணீரில் சாயம் மங்கிப்போய், ஒரு மருந்து வாடையும் வந்தது. அடுத்து வந்த திருவிழாவில் கொழும்பிலிருந்து வந்த ஒரு மாப்பிள்ளை, "என்ன மாமி, ஆஸ்பத்திரியில போட்ட டீயா?" என்று கேட்டுவிட்டார். அந்த வார்த்தை லயத்தில் ஒரு வருடம் சுற்றியது.

மறு திருவிழாவுக்கு முதல் நாள் நாலு பெண்கள் என்னிடம் வந்தார்கள். "ரெண்டே ரெண்டு நாளைக்கு அந்தச் சொட்ட நிப்பாட்டி வையி. சாமி காரியத்துக்குத் தானே கேக்குறோம்" என்றார்கள். அவர்கள் கேட்டார்கள் என்று பழியைத் தூக்கி அவர்கள்மேல் போட மாட்டேன். என் வீட்டுக்கும் சம்பந்தி வருவதாக இருந்தது. கேனின் சின்னத் திருகியை நான்தான், இந்தக் கையால்தான், மூடினேன்.

அந்தத் தடவை தேத்தண்ணியைக் குடித்தவர்கள் எல்லாரும் இன்னொரு கோப்பை கேட்டார்கள். இரண்டு நாள் நாலு நாளாகியது. இடையில் நல்ல மழை பிடித்து, ஊற்றுக்குள் மேட்டிலிருந்து அழுக்குத் தண்ணீர் இறங்கியது. தேத்தண்ணி கொதிக்கவைத்த தண்ணீர், அதைக் குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழாயில் வாய் வைத்துப் பச்சைத் தண்ணீர் குடித்த பிள்ளைகளுக்குத்தான் வயிற்றோட்டம் கண்டது. மற்றப் பிள்ளைகள் தேறிக்கொண்டார்கள். யாழினிக்கு மட்டும் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் காலை அவளை ஓட்டோவில் ஏற்றும்போது கண் செருகிக் கிடந்தாள். செல்வியின் அழுகை மதகு தாண்டும்வரை கேட்டது.

அன்று மதியமே சுகாதாரப் பரிசோதகர் வந்தார். செல்வி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து, சின்னப் போத்தலில் ஒரு மருந்தை விட்டுக் குலுக்கினார். குளோரின் இருந்தால் நிறம் மாற வேண்டும்; மாறவில்லை.

"குளோரின் போடுறதா?" என்று என்னைக் கேட்டார்.

"போடுறோம் ஐயா. ஒரு நாளும் விட்டதில்ல" என்றேன்.

அவ்வளவுதான் நானா. ஒரே ஒரு வாக்கியம். அவர் பாவம், நான் சொன்னதை நம்பினார். மேலே மருந்து போட்டும் கீழே வந்து சேரவில்லை என்றால், இடையில் எங்கேயோ ஒரு ஜொயின்ட் விட்டு அழுக்குத் தண்ணீர் உள்ளே போகிறது, பைப் போட்டவரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் நான் மேட்டுக்கு ஓடி, திருகியைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் நீங்கள் வந்தீர்கள். சிரிப்பில்லை, இடுப்பைப் பிடிக்கவில்லை, நேரே மதகுக்குள் இறங்கினீர்கள். "எனக்குத் தெரியும் தங்கச்சி. இதுதான். பாதி ஓதினதோட கைய உட்டுட்டேன்" என்றீர்கள். சங்கத் தலைவர் மேலே நின்றுகொண்டு, உங்களுக்குக் கேட்கட்டும் என்றே, "பட்டினியோட அவசரத்துல போட்டா இப்படித்தான். நம்ம ஆள வச்சிப் போட்டிருக்கணும்" என்றார். நீங்கள் நிமிரவில்லை. நான் அங்கேதான் குடையோடு நின்றேன். குடையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன்.

அந்த ஜொயின்ட்டை அறுத்து, ஒரு முழ நீளத் துண்டாக எடுத்து, பார்க்கக்கூடப் பிடிக்காமல் கழிவுநீர்க் கானுக்குள் வீசினீர்கள். புதிதாக ஒன்று போட்டு, ஓதி, ஓதி முடித்த பிறகும் கையை எடுக்காமல் நின்றீர்கள். அதோடு நிற்கவில்லை. மூன்று நாள் மழையில் மற்ற ஜொயின்ட் எல்லாவற்றையும் தோண்டித் தோண்டிப் பார்த்தீர்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய், செல்வி முன்னால் நின்று, "என்ட கையால நடந்த பிழ, மன்னிச்சிக்கோங்க மகள்" என்றீர்கள். யாழினி எழுந்து உட்கார்ந்து விசுக்கோத்து தின்றுகொண்டிருந்தாள். பிள்ளை பிழைத்துக்கொண்டாள் என்ற சந்தோஷத்தில் செல்வி உங்கள் கையைப் பிடித்து அழுதாள். கட்டிலின் மறுபக்கம் நான் நின்றேன்.

தண்ணீர் மறுபடி பரிசோதனைக்குப் போய், நல்லது என்று வந்தது. புது ஜொயின்ட்டால் சரியாகிவிட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். கானில் கிடந்த அந்தத் துண்டை நான் எடுத்து, கழுவி, தாங்கிப் பக்கத்துச் சாமான் அறையில் ஒளித்து வைத்தேன். எதற்கு என்று கேட்டால் அப்போது எனக்கே தெரியாது. ஒவ்வொரு நாளும் திருகியைத் தொடும்போது அது மூலையில் இருந்து என்னைப் பார்க்கும்.

இரண்டு வருடம் போனது. நாவலப்பிட்டியில் குழாய்ச் சாமான் விற்கும் கடையில் உங்களை விசாரித்தேன். "நானா இப்ப குடிதண்ணி வேல எடுக்கிறதே இல்லயே. பல்லேகலப் பக்கம் புது வீடுகளுக்கு பாத்ரூம் வேல மட்டும்தான் செஞ்சாரு. இப்ப நெஞ்சு வருத்தம், மருந்து எடுத்துக்கிட்டு வீட்டோட ஈக்குறார்" என்றார் கடைக்காரர். பிள்ளை பிழைத்துவிட்டது, தண்ணீர் நல்ல தண்ணீர், யாருக்கு என்ன நட்டம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். நட்டம் அக்குறணையில் ஒரு வீட்டில் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் துண்டைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டு கண்டிக்கு வந்து, பஸ் மாறி, உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தேன். உங்கள் மனைவி உள்ளே கூட்டிப் போனார். பாதியாக இளைத்திருந்தீர்கள். "வாங்க தாங்கிக்காரி, தண்ணி பயந்து வருதா இன்னும்?" என்று கேட்டீர்கள். அந்தப் பகிடியைக் கேட்டதும் எனக்கு இருந்த தைரியமும் போய்விட்டது. இருந்தும் சொன்னேன். திருகி, தேத்தண்ணி, பரிசோதகரிடம் சொன்ன பொய், குடை, ஆஸ்பத்திரி, எல்லாம் சொன்னேன்.

நீங்கள் பெரிய மனதோடு பரவாயில்லை என்று சொல்வீர்கள் என்று பஸ்ஸில் வரும்போது கொஞ்சம் எதிர்பார்த்தேன். நீங்கள் சொல்லவில்லை. உங்கள் முகம் சிவந்தது.

"ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷமா நான் குடிதண்ணி பைப்புல கை வெக்கல்ல. கை நடுங்குது எனக்கு. ஒரு புள்ளட உசுர எடுக்கப் பாத்த கைன்டு நெனச்சிட்டீந்தேன். நீங்க கொடையப் புடிச்சிட்டு நிண்டீங்க!"

உங்கள் மனைவி ஓடி வந்து நெஞ்சைத் தடவிவிட்டார். நான் எழுந்தேன், போய்விடலாம் என்று. சேலையை அவிழ்த்து அந்தத் துண்டை மேசைமேல் வைத்தேன்.

நீங்கள் அதைப் பார்த்தீர்கள். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு கோபம் இன்னும் குறையாத குரலில், மனைவியிடம் ஒரு செம்பு தண்ணீரும் பழைய பேப்பரும் கேட்டீர்கள். ஜொயின்ட் இருந்த இடத்தைச் சுற்றிப் பேப்பரைச் சுற்றினீர்கள். துண்டின் ஒரு வாயை உள்ளங்கையால் அடைத்து, செங்குத்தாகப் பிடித்து, மறு வாயில் தண்ணீர் ஊற்றச் சொன்னீர்கள். நிறைந்ததும் கண்ணை மூடி ஓத ஆரம்பித்தீர்கள். இந்தத் தடவை முழுவதும் ஓதினீர்கள். முடியும்வரை கையை எடுக்கவில்லை. நானும் உங்கள் மனைவியும் அந்தப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பேப்பர் நனையவில்லை.

தண்ணீரைச் சட்டியில் கொட்டிவிட்டு, பேப்பரை உருவி, என்னிடம் நீட்டினீர்கள். "தொட்டுப் பாருங்க" என்றீர்கள். காய்ந்துதான் இருந்தது. நீங்கள் அழுதீர்கள் நானா, சின்னப் பிள்ளை மாதிரி. அழுதுகொண்டே சிரித்தீர்கள். "பாதி ஓதினதுக்கே புடிச்சிட்டீக்குது" என்று மனைவியிடம் காட்டினீர்கள். நானும் அழுதேன். இரண்டு வருடமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் இறங்கியது.

விட்டீர்களா என்னை? இல்லை. தேத்தண்ணி வந்ததும் மறுபடி பிடித்துக்கொண்டீர்கள்.

"மணம்தான் ஒங்களுக்குப் பிரச்சினையா? முந்தின நாள் பொழுதுபட அகலச் சட்டியில புடிச்சி, துணியால மூடி வெச்சா விடியக்கொள்ள மணம் போயிருமே. அந்தத் தண்ணியில தேத்தண்ணி ஊத்திக்கோங்க. ஒரு வார்த்த என்கிட்ட கேட்டீந்தா?"

ஒரு சட்டி. ஒரு துணி. அதைக் கேட்காமல் நான் செய்த காரியத்தை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேன். நீங்கள் தடுக்கவில்லை.

கிளம்பும்போது சொன்னீர்கள்: "எனக்குச் சென்னது சரி. லயத்து ஆக்களுக்கும் செல்லுங்க. அங்கதான் என்ட பேரு கெட்டது."

அதற்கு நான் இன்னும் ஒரு மாதம் பயந்தேன். சங்கக் கூட்டம் வந்தது. எழுந்து நின்று, உங்களுக்குப் போன் எடுத்து, சத்தத்தைக் கூட்டி, மேசைமேல் வைத்தேன். "நானா கேட்டுக்கிட்டு இருக்காரு. எல்லாரும் கேளுங்க" என்று தொடங்கி ஒன்றையும் விடாமல் சொன்னேன். சொல்லி முடித்ததும் செல்வி எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். தலைவர் தொண்டையைச் செருமி, "நானா, நானும் அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லிட்டேன். மனசுல வச்சிக்காதீங்க" என்றார்.

"வெச்சிக்கிட்டுத்தான் ஈந்தேன். இப்ப எறக்கிட்டேன்" என்றீர்கள். "தாங்கி வேல ஆருக்கு இனி?"

வேறு யாருக்காவது கொடுங்கள் என்றுதான் நான் சொன்னேன். "வேணாம், அந்த மனுஷிக்கே குடுங்க. இனி அவ செத்தாலும் அந்தத் திருகிய மூடமாட்டா" என்று நீங்கள் சொன்னபோது கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அதோடு எல்லாருக்கும் மூச்சு வந்தது.

மூன்று மாதம் கழித்து உங்கள் மனைவி போன் எடுத்துச் செய்தி சொன்னார். நான் வந்து சேர்வதற்குள் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துப் போயிருந்தார்கள். கடைசி வாரங்களில், அக்குறணைப் பக்கத்து மலை ஒன்றில் சில வீடுகளுக்குக் குடிதண்ணீர்க் குழாய் இழுத்த இடத்தில், கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டு இரண்டு ஜொயின்ட் உங்கள் கையாலேயே பிடித்தீர்கள் என்று சொன்னார். அதைக் கேட்டு நான் வீட்டுக்காரர்களைவிடச் சத்தமாக அழுதேன். புறப்படும்போது அந்தத் துண்டை என் கையில் கொடுத்தார். "அவக்கிட்டயே குடு, அவக்குத்தான் தேவைன்டு சென்னாரு."

செல்வி என்னோடு பேச ஐந்து மாதம் பிடித்தது. பேசியதும் முதல் வார்த்தை, "சட்டிய எங்க வைக்கணும், வெளியவா உள்ளவா?" என்பதுதான். நேற்றுப் பொழுதுபட லயத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். வீட்டுக்கு வீடு வாசலில் அகலச் சட்டி, மேலே வெள்ளைத் துணி. பார்க்கிறவர்கள் இது என்ன நேர்த்திக்கடன் என்று கேட்கிறார்கள். இன்று காலை அந்த ஆஸ்பத்திரி டீ மாப்பிள்ளையே இரண்டு கோப்பை குடித்தார்.

ஆனாலும் ஒருவர் வந்தார் நானா. கண்டியிலிருந்து வந்த சம்பந்தி வீட்டு அம்மா ஒருவர், குழாய்த் தண்ணீரை முகர்ந்து பார்த்து, "திருநாளும் அதுவுமா இத ஒரு நாளைக்கி நிப்பாட்டக் கூடாதா?" என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்கு முன்னால் செல்வி சொன்னாள்: "அக்காவ அது மட்டும் கேக்காதீங்கம்மா." அந்தக் குழாயிலேயே வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள் யாழினி. பாவாடை முன்பக்கம் முழுக்க ஈரம்.

அந்த அம்மா போனதும் சாமான் அறைக்குள் போய் உங்கள் துண்டை எடுத்துக்கொண்டு தாங்கியடிக்கு வந்தேன். திருவிழா நோட்டீஸ் ஒன்று கிடந்தது, அதை ஜொயின்ட்டைச் சுற்றிச் சுற்றினேன். ஒரு வாயை உள்ளங்கையால் அடைத்து மறு வாயில் தண்ணீர் ஊற்றினேன். உங்கள் ஸூரா எனக்குத் தெரியாது. கேனிலிருந்து விழுகிற சொட்டை எண்ணினேன், நூறு வரைக்கும், கையை எடுக்காமல்.

காகிதம் நனையவில்லை, நானா.